லேர்ஸ் ரன்வேயும் பிரேக் தட்டின கதையும்

பாலாத்தங்கரை: நம்ம வேலூர் அப்துல்லாபுரம் ரன்வே சும்மாதானே கெடக்குது, ஜெர்மனியில ரெக்லின் பக்கத்து லேர்ஸ் மாதிரி வருஷா வருஷம் இசைவிழா நடத்தினா இன்னா? அதுவும் ஹிட்லர் காலத்து ராணுவச் சோதனைத் தளம்தான். மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் முதல்ல எழும்பினதே அங்கதான். 1997லேர்ந்து ஃபியூஷன் விழா நடக்குது.

காட்பாடி ஏரோ: விழா சரி, ஜெட் கதை தப்பு. 1942 ஜூலை 18, லைப்ஹைம், ஓட்டினவர் ஃப்ரிட்ஸ் வெண்டல். லைப்ஹைம் தெற்கே பவேரியாவுல இருக்கு, லேர்ஸ் பெர்லினுக்கும் வடக்கே. மேப் பார்க்காமயே எழுதிடுவீங்களா?

பாலாத்தங்கரை: லுஃப்ட்வாஃபேவோட, அதாவது ஜெர்மன் விமானப்படையோட, தலைமைச் சோதனைத் தளமே ரெக்லின். 262வைக் கிளப்ப பிரேக் தட்டி வாலைத் தூக்கினதும் ரெக்லின் பைலட். கோட்டை அகழி பத்தின திரியில என்கிட்ட வாங்கினதை இங்க தீர்த்துக்கிறீங்க போல.

காட்பாடி ஏரோ: அகழியை விடுங்க. பிரேக் தட்டினதும் லைப்ஹைம்லதான். அந்த வி3, அதாவது மூணாவது சோதனை விமானத்துக்கு மூக்குச் சக்கரம் கிடையாது, வால் சக்கரம்தான். வால் தரையில இருக்கறப்ப இறக்கை மறைச்சிடும், மூக்கை ஏத்தி இறக்குற வால் பலகை, அதான் எலிவேட்டர், அதுக்குக் காத்து சேராது. புரொப்பெல்லர் விமானம்னா அது தள்ற காத்தாவது வாலுக்குப் போகும்; ஜெட்ல அதுவும் இல்ல. மணிக்கு 180 கி.மீ. வந்ததும் பிரேக்கை லேசா ஒரு தட்டு. வால் எழும்பும், எலிவேட்டர் பிடிக்கும். உங்க ரெக்லின் பைலட் ஹைன்ரிஷ் போவே ஆகஸ்ட் 11ல அதே லைப்ஹைமுக்கு வந்து தட்டினார். வேகம் பத்தல, ரன்வே தீர்ந்துச்சு, விமானம் வெளியே பாய்ஞ்சு நொறுங்குச்சு. அதுக்கப்புறம்தான் 1943ல வி5க்கு மூக்குச் சக்கரம் வெச்சாங்க. ஆளு ரெக்லின், தளம் லைப்ஹைம்.

ராணிப்பேட்டை ஃபிட்டர்: இன்ஜினை யாருமே பேசலயே. 262வோட ஜூமோ 004 இன்ஜின்ல நிமிஷத்துக்கு 6000 சுத்துக்குக் கீழே த்ராட்டிலை வெடுக்குனு தள்ளினா டர்பைன் வெந்துடும், இல்லாட்டி அணைஞ்சிடும். நிக்கல் பஞ்சத்துல எரியறையைச் சாதா இரும்புத் தகட்டுல செஞ்சு அலுமினியம் பூசினாங்க, 25 மணி நேரம் தாங்கினாலே பெரிசு. அதோட, முதல் ஜெட் 262வே இல்ல. ஹைன்கெல் 178, 1939 ஆகஸ்ட் 27, ரோஸ்டாக்.

காட்பாடி ஏரோ: ஹைன்கெல் பத்தி யார் கேட்டா? லைப்ஹைம்.

குடியாத்தம் நெசவு: லேர்ஸ்ல மேடையா நிக்கிறது சோவியத் படை 1993ல விட்டுட்டுப் போன ஹேங்கருங்க. மேல மண்ணு, அதுல புல்லு. அப்துல்லாபுரத்துல அப்படி ஒண்ணு காட்டுங்க பார்ப்போம். போர்க்காலத் தளம்தான் வேணும்னா நம்ம அரக்கோணம் இருக்கே.

ராணிப்பேட்டை ஃபிட்டர்: அது 1992லேர்ந்து கடற்படையோட ராஜாளி விமானத்தளம். உள்ள போய் ஆடுவீங்களா? ‘நம்ம’ங்கறதும் வேணாம், 2019லயே அரக்கோணம் எங்க மாவட்டம்.

குடியாத்தம் நெசவு: பிரிச்சுக் குடுத்ததுக்கே இவ்ளோ பவுசா?

பாலாத்தங்கரை: 262வை லேர்ஸ்லயும் பறக்கவிட்டுச் சோதிச்சாங்க. இல்லனு சொல்லச் சொல்லுங்க.

காட்பாடி ஏரோ: சோதிச்சாங்க, அப்புறமா. நீங்க எழுதினது ‘முதல்ல’. மறுபடி சொல்றேன், ஜூலை 18, லைப்ஹைம்.

பாலாத்தங்கரை: உங்களுக்கு அந்த ஒரு ஊர்தான் தெரியும்.

காட்பாடி ஏரோ: உங்களுக்கு அதுவும் தெரியல.