கேமிங் லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் பழைய கணினி நின்றுவிட்டது. அடுத்தது எதை வாங்குவது என்று ஒரு மாதமாகத் தடுமாறுகிறேன்.

குழப்பமே கிராபிக்ஸ் கார்டில்தான். ஆர்டிஎக்ஸ் 4070 என்று இரண்டிலும் ஒரே பெயர். ஆனால் டெஸ்க்டாப் கார்டில் 12 ஜிபி நினைவகம், 200 வாட். லேப்டாப்பில் 8 ஜிபிதான், வாட்டும் மாடலுக்கு மாடல் மாறுகிறது. பெயரை மட்டும் பார்த்து வாங்கியிருந்தால் ஏமாந்திருப்பேன். டெஸ்க்டாப்பில் நாளைக்கு கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். லேப்டாப்பில் பெரும்பாலும் ரேம், எஸ்எஸ்டியோடு சரி.

ஆனால் வேலைக்காக மாதத்தில் பத்து நாள் வெளியூரில் இருப்பேன். அங்கேயும் விளையாட ஆசை.

லேப்டாப்பில் இரண்டு மூன்று வருடம் விளையாடியவர்கள் சொல்லுங்கள்: சூடும் விசிறிச் சத்தமும் தாங்கும்படி இருக்கிறதா? அப்புறம், டெஸ்க்டாப்போடு சாதாரண லேப்டாப் ஒன்றும் வைத்துச் சமாளிப்பவர்கள் இருந்தால் உங்கள் அனுபவமும் வேண்டும்.