அப்டேட்: ஹ்வார் தீவு வேலைக்குப் போலாமான்னு கேட்டிருந்தேன்ல

குரோஷியாவுல ஹ்வார் தீவுல ஹோட்டல் கிச்சன் வேலை, போலாமான்னு கேட்டதுக்கு பாதிப் பேரு போ, பாதிப் பேரு பெங்களூரே போதும்னீங்க. ஒரு டூரிஸ்ட் சீசன் முடிச்சிட்டு இப்ப பாலக்கோட்டுல இருந்து டைப் பண்றேன். ஸ்ப்ளிட்ங்கிற ஊர்ல பெர்ரி ஏறுனா தீவுக்கு ரெண்டு மணி நேரம். ஜூலை ஆகஸ்ட்ல மூச்சு விட நேரமில்ல, கணவாய் மீன் கழுவிக் கழுவி விரலெல்லாம் ஊறிப்போயிரும், ஆனா அக்டோபர் வந்தா கடை ஒவ்வொண்ணா மூடிடுறாங்க, பெர்ரியும் கம்மியாயிருது. சம்பளம் யூரோ தான் (2023ல அந்த நாட்டுக் காச யூரோவா மாத்திட்டாங்க), தங்க ரூம ஹோட்டல் ஓனரே குடுத்தாரு, இல்லனா சீசன் வாடகைக்கே மொத்தமும் போயிருக்கும். வேலை பர்மிட் அந்த முதலாளிய வச்சு தான், நெனச்சப்ப வேற எடம் தாவ முடியாது, ஏஜென்ட் இத வாயே தெறக்கல. அம்மாவுக்குக் களி இல்லாம என்ன பண்ணுவான்னு தான் கவலை, இந்தத் தடவ ராகி மாவு மூட்டையே கட்டுது. ஏப்ரல்ல அதே ஓனர்கிட்ட திரும்பப் போறேன், தர்மபுரி பசங்க யாராச்சும் கிளம்புறதா இருந்தா ஆஃபர் லெட்டர்ல ரூம், சாப்பாடு எழுதியிருக்கான்னு பாத்துட்டு காசு கட்டுங்கப்பா.