திங்கள் காலை பிஎச்டி நேர்காணல், இன்று வியாழன் இரவு: எதைப் படிப்பது?

நெல்லைவாசி:
வணக்கம். சென்னையில் ஒரு மத்திய கல்வி நிறுவனத்தில் வேதியியல் பிஎச்டிக்கு விண்ணப்பித்திருந்தேன். கூப்பிட மாட்டார்கள் என்று நானே முடிவு கட்டி மறந்தும் போய்விட்டேன், இன்று சாயங்காலம் பள்ளி விட்டு வந்து மெயிலைத் திறந்தால் திங்கள் காலை 9.30க்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். எம்எஸ்சி முடித்து இரண்டு வருடம் ஆகிறது, இப்போது ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ வேதியியல் எடுக்கிறேன். ப்ராஜெக்ட் ஜிங்க் ஆக்சைடு நானோ துகள், மெத்திலீன் ப்ளூ சாயத்தைச் சூரிய ஒளியில் சிதைப்பது (ஆமாம், எல்லோரும் செய்யும் அதே ப்ராஜெக்ட்தான், சிரிக்க வேண்டாம்). கனிமம், கரிமம், இயற்பியல் மூன்றையும் மூன்று நாளில் புரட்டிவிட முடியுமா? எதிலிருந்து தொடங்குவது? ஆங்கிலத்தில் பேசினால் நாக்கு வேறு ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாம்வருட_ஸ்காலர்:
முதலில் டிக்கெட். ஞாயிறு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸை நம்பாதீர்கள், கூட்டமும் சரி, தாமதமானால் எழும்பூரில் இறங்கி முகம் கழுவக்கூட நேரம் இருக்காது. சனி ராத்திரி வண்டிக்கு நாளை காலை 11 மணிக்குத் தத்கால் போடுங்கள், ஏசி என்றால் 10 மணிக்கே திறந்துவிடும்.

படிப்புக்கு வருவோம். மூன்று பாடத்தையும் புரட்ட நினைக்காதீர்கள். உங்கள் ஆய்வேட்டை மட்டும் எடுத்து, அதில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று நீங்களே போட்டுப் பாருங்கள். என்னிடம் கேட்டதில் பாதிக்கு மேல் நான் சொன்ன பதிலிலிருந்தே கிளம்பிய கேள்விகள்தான். "பேண்ட் கேப் 3.3 எலக்ட்ரான் வோல்ட்" என்று சொல்வீர்கள் (ஒளி துகளில் எலக்ட்ரானைக் கிளப்பத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்), உடனே எந்த அலைநீளம் என்று கேட்பார்கள். ஆற்றலை அலைநீளமாக மாற்ற 1240ஐ 3.3ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 375 நானோமீட்டர், அது புற ஊதா, சூரிய ஒளியில் அது கொஞ்சம்தானே, அப்படியானால் உங்கள் சாயம் எப்படிச் சிதைந்தது? சாயமே கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானைத் துகளுக்குத் தள்ளியிருக்கலாமே? இதற்குத் தயாராக இருங்கள். வெளிச்சத்தில் வைக்கும் முன் அரை மணி நேரம் இருட்டில் கலக்கினீர்களா, ஏன்? (துகளின் மேல் ஒட்டிக்கொண்ட சாயத்தையும் சிதைந்த கணக்கில் சேர்த்துவிடக் கூடாதே, அதற்குத்தான்.) சாயம் ஒளியை உறிஞ்சும் 664 நானோமீட்டர் உச்சி இறங்கியது என்பதால் சாயம் கரியமில வாயுவாகவே போய்விட்டது என்று சொல்ல முடியுமா? முடியாது. மெத்திலீன் ப்ளூ எலக்ட்ரானைப் பெற்று ஒடுக்கம் அடைந்தாலும் நிறம் போய்விடும், காற்றுப் பட்டால் திரும்ப நீலமாகும்.

ப்யூரெட்_மாமா:
தம்பி சொன்னது சரிதான், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நான் பேனலில் உட்கார்ந்திருக்கிறேன் (வேறு ஊரில்). "உங்களுக்குப் பிடித்த பாடம் எது" என்று கேட்டால் பெரிய பெயராகச் சொல்லி மாட்டிக்கொள்ளாதேம்மா. குவாண்டம் என்று ஒரு பையன் சொன்னான், பெட்டிக்குள் துகள் என்ற அதன் ஆரம்பக் கணக்கை எழுதச் சொன்னோம், எல்லை நிபந்தனையிலேயே நின்றுவிட்டான், அப்புறம் இருபது நிமிடமும் அவனுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம். நீ வினைவேகவியல் என்று சொல். தினமும் வகுப்பில் முதல் வகை வினை, அரை ஆயுள் என்று போடுகிறாய், கரும்பலகையும் சாக்பீஸும் உனக்குப் பழக்கம், மற்றவர்களுக்கு அங்கேதான் கை நடுங்கும். சாயச் சிதைவை ஏன் *போலி* முதல் வகை (உண்மையில் முதல் வகை இல்லை, அப்படித் தெரிவது) என்கிறோம் என்பதை மட்டும் இன்னொரு முறை பார்த்துக்கொள்.

ஆங்கிலம் பற்றிக் கவலை வேண்டாம். மெதுவாகப் பேசு, சொல் வரவில்லையென்றால் "வரைந்து காட்டட்டுமா" என்று எழுந்துவிடு. தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் அடுத்த கேள்விக்குப் போவோம், சுற்றி வளைத்தால் அங்கேயே தோண்டுவோம்.

கோப்புக்கட்டு:
படிப்பைப் பற்றி அவர்கள் சொல்லட்டும், நான் காகிதம் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அதில்தான் அடி. ஓபிசி ஒதுக்கீட்டில் விண்ணப்பித்திருந்தால் பள்ளியில் எடுத்த சமூகச் சான்றிதழ் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் இல்லை என்று இருக்க வேண்டும், பெரும்பாலும் இந்த நிதியாண்டில் வாங்கியதாகவும் கேட்பார்கள். நான் பழையதைக் கொண்டுபோய் வாசலில் நின்றேன். இல்லையென்றால் இன்றைக்கே சேர்க்கை அலுவலகத்துக்கு மெயில் போட்டு அவகாசம் தருவார்களா என்று கேளுங்கள், இ-சேவையில் நாளை விண்ணப்பித்தாலும் திங்களுக்குள் கையில் வருவது சந்தேகம். வேலையில் இருப்பதால் பள்ளியிடம் தடையில்லாச் சான்று வேண்டுமா என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள்.

நெல்லைவாசி:
எல்லோருக்கும் நன்றி. ஸ்லீப்பர் கிடைத்துவிட்டது, சைடு அப்பர். ஓபிசி சான்றிதழ் நல்லவேளையாக ஜூனில் வாங்கியதே இருக்கிறது.

இப்போது வேறு சிக்கல். ஸ்காலர் அண்ணா சொன்னபடி எண்களைத் திரும்பப் போட்டேன். எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு) 36.3 டிகிரி உச்சி, பாதி உயர அகலம் 0.4 டிகிரி. உச்சியின் அகலத்திலிருந்து படிக அளவைக் கணக்கிடும் ஷெரர் சூத்திரத்தில் போட்டால் முதலில் 0.36 நானோமீட்டர் வந்தது, ஜிங்க் ஆக்சைடின் அலகுக்கூடே (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டம்) ஒரு பக்கம் 0.52 இருக்கிறதே என்று திகைத்துப்போய்ப் பார்த்தால் ரேடியனுக்கு மாற்றவில்லை. மாற்றினால் 20.9. ஆனால் ஆய்வேட்டில் 24.6 என்று அச்சாகியிருக்கிறது! ராத்திரி 12 மணி வரை உட்கார்ந்து கண்டுபிடித்தேன், காஸ் தீட்டா போட வேண்டிய இடத்தில் காஸ் 36.3 என்று, பாதியாக்காமல் இரண்டு தீட்டாவையே போட்டிருக்கிறேன். கைட் கையெழுத்து, துறைத்தலைவர் முத்திரை எல்லாம் இருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. ஸ்லைடில் எதைப் போட?

மூன்றாம்வருட_ஸ்காலர்:
20.9. கூடவே "ஆய்வேட்டில் 24.6, கோணத்தில் பிழை, திருத்தியது" என்று கீழே சின்னதாக ஒரு வரி. அவர்கள் கேட்கும் முன்னாலேயே நீங்களே சொல்லிவிடுங்கள். அப்புறம் அது படிக அளவுதான், துகள் அளவு இல்லை, ஒரு துகளுக்குள் பல படிகம் இருக்கலாம், அதையும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். கருவியால் வரும் அகலத்தைக் கழித்தீர்களா?

நெல்லைவாசி:
கழிக்கவில்லை.

ப்யூரெட்_மாமா:
அப்படியென்றால் 20.9ம் குறைந்தபட்ச அளவுதான், கழித்தால் அகலம் குறையும், அளவு கூடும். அதையும் சொல்லிவிடு. இப்போ தூங்கும்மா, காலையில் உனக்கு வகுப்பு இருக்கும்.