ஆறு ஓடினால் அணை வழிந்ததா? நிபந்தனை வாதங்களில் நாம் சறுக்கும் இடங்கள்

காட்பாடி, ரீசனிங் ஆசிரியர்:
வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். 'இது நடந்தால் அது நடக்கும்' என்ற நிபந்தனை வாதங்களின் பாடம் வந்தால், குடியாத்தம் பக்கத்து அணையை வைத்துப் போர்டில் எழுதுவது இதுதான்:

"மோர்தானா அணை நிரம்பி வழிந்தால் கவுண்டன்யா ஆற்றில் தண்ணீர் ஓடும். ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. ஆகவே அணை வழிகிறது."

'சரி' என்று வகுப்பே கை தூக்கும். 2021 நவம்பர் வெள்ளத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள் ஆயிற்றே! அணையும் வழிந்தது, ஆறும் ஓடியது. முடிவு உண்மையாக இருந்தால் வாதமும் சரி என்று தோன்றிவிடுகிறது. இங்கேதான் நான் நின்று நிதானமாகப் பேசுவேன். முதல் இரண்டு வரிகளையும் ஒப்புக்கொண்ட பிறகு மூன்றாவதை மறுக்க வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்பேன். அணைக்குக் கீழே கொட்டிய மழையிலும் ஆறு ஓடலாமே? அப்படி ஒரு வழி கிடைத்தாலே வாதம் செல்லாது. "ஆறு வறண்டு கிடக்கிறது, ஆகவே அணை வழியவில்லை" என்றால் மறுபேச்சில்லை, செல்லும்.

அடுத்து, உளவியலாளர் பீட்டர் வேசன் 1966-ல் வெளியிட்ட சீட்டுப் புதிரை நம் எழுத்துக்கு மாற்றிக் கேட்பேன். அ, க, 4, 7 என்று நான்கு சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். விதி இது: ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்க வேண்டும். எவற்றைத் திருப்பிப் பார்ப்பது? பெரும்பாலும் 'அ, 4' என்பார்கள். 4-க்குப் பின்னால் எது இருந்தாலும் விதி உடையாது. 7-க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடையும். ஆகவே அ, 7. அதே கணக்கை, 'கியர் பைக் ஓட்டினால் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்' என்று மாற்றி, ஒரு சீட்டில் '15 வயது' என்று எழுதினால் கடைசி பெஞ்சிலிருந்தே பதில் வரும்: "அந்த 15 வயசுப் பையன் ஓட்டுறானான்னு பாக்கணும் சார்!"

குடியாத்தம், அரசு ஊழியர்:
உங்கள் போர்டு வாதத்தில் எங்கள் ஊர் ஆற்றைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது, சார். "கனமழை பெய்தால் கலெக்டர் லீவு விடுவார். மழை இல்லை. ஆகவே லீவு இல்லை." இப்படிச் சொல்பவர்களிடம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைத்தான் காட்டுவேன். வைகாசி முதல் நாள், வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளூர் விடுமுறையும் இருக்கும்.

ராணிப்பேட்டை:
என் அனுபவம் வேறு மாதிரி. தெருவில் ஒரு பெண்ணைப் பற்றிப் புரளி. "நெருப்பில்லாம புகையுமா?" என்றார் பெரியம்மா. வாதத்தின் வடிவம் அப்பழுக்கில்லாதது: நெருப்பில்லை என்றால் புகை இல்லை, புகை இருக்கிறது, ஆகவே நெருப்பும் இருக்கிறது. அதனால் முதல் வரி உண்மைதானா என்று அதையே பிடித்தேன். "வேணும்னே கிளப்பிவிட்ட பேச்சு நம்ம தெருவுல இதுக்கு முன்னாடி வந்ததே இல்லையா, பெரியம்மா?" வந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அதற்குமேல் அந்தப் பெண்ணைப் பற்றி அவர் பேசவில்லை.