புதுப்பிப்பு: அந்த யானைச் சீல் குட்டி கடலுக்குப் போய்விட்டது

கலிபோர்னியா கரையில் எலும்பும் தோலுமாகக் கிடந்த யானைச் சீல் (கடலில் வாழும் பெரிய பாலூட்டி) குட்டியை எங்கள் மீட்புக் குழு மீட்டதாக மார்ச்சில் எழுதியிருந்தேன். என்ன ஆனது என்று பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நல்ல சேதிதான்: கலிபோர்னியாவின் பாயின்ட் ரேயஸ் கடற்கரைப் பக்கம் கடலில் விட்டுவிட்டோம்.

இந்த இனத்தில் தாய் ஏறக்குறைய 4 வாரம் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடும். நீந்துவதையும் மீன் பிடிப்பதையும் குட்டி தானாகத்தான் கற்க வேண்டும். கொழுப்பு சேராத குட்டிகள்தான் வசந்தத்தில் எங்களிடம் வந்து சேர்கின்றன. நாங்கள் மீட்ட இந்தக் குட்டிக்கு முதலில் குழாய் வழியாக அரைத்த மீன்கூழ். அப்புறம் ஹெர்ரிங் மீனைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இழுத்துக் காட்டினோம். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒருநாள் காலை விருட்டென்று பாய்ந்து கவ்வியது. மீனைத் தலைப்பக்கமாகத் திருப்பி ஒரே விழுங்கு! வேலியோரம் நின்ற எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது.

கரையில் பார்த்த உடனே தண்ணீருக்குள் தள்ளிவிட்டிருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சீல்கள் ஓய்வெடுக்கக் கரையேறுபவை. களைத்த குட்டியைத் தள்ளினால் உயிருக்கே ஆபத்து. தொடக் கூடாது, தண்ணீரும் ஊற்றக் கூடாது. கடல் பாலூட்டிகளைத் தொந்தரவு செய்வது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே அமெரிக்காவில் குற்றம். நாயைப் பிடித்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள், மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள்.

பின்துடுப்பில் அடையாள வில்லை மாட்டியிருக்கிறோம். எங்காவது கரையேறினால் எண்ணை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். சரி, அடுத்து துறைமுகச் சீல் என்ற இன்னொரு இனத்தின் குட்டிகள் வரத் தொடங்கிவிட்டன.