ஆறாம் வகுப்புக்கு சிஸ்டர்கள் நடத்தும் ஆர்.சி. பள்ளி: நடுவாந்தரமாகப் படிக்கிற பிள்ளைக்குச் சரிவருமா? (பாளையங்கோட்டை)

பேட்டைக்காரி:

வணக்கம் எல்லோருக்கும். மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள், ஜூனில் ஆறாம் வகுப்பு. பாளையங்கோட்டையில் சிஸ்டர்கள் நடத்துகிற ஒரு அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளியில் விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். நான் படித்தது கிராமத்து அரசுப் பள்ளியில். இந்தப் பள்ளிகளையெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி, உள்ளே என்ன நடக்கும் என்று ஒன்றும் தெரியாது.

வீட்டுக்காரருக்கு எங்கள் தெருப் பக்கமே இருக்கும் சி.பி.எஸ்.இ. பள்ளிதான் வேண்டும். "நீட் அது இதுன்னு வந்த பிறகு ஸ்டேட் போர்டுல போட்டுட்டு முழிக்கப் போறியா" என்கிறார். மாமியாருக்கு வேறு கவலை, பிள்ளையைக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்துவிடுவார்களோ என்று.

எனக்கு இரண்டு சந்தேகம். பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள், பத்தாம் வகுப்பு 100 சதவீதத் தேர்ச்சி, முதல் மூன்று பிள்ளைகளின் போட்டோ, மார்க். சரி, சந்தோஷம். அந்த மூன்று பேரைத் தவிர மற்ற பிள்ளைகளுக்கு அங்கே என்ன நடக்கிறது? என் மகள் தமிழ் நன்றாகப் படிப்பாள், கணக்குப் பரீட்சை என்றால் காலையிலேயே வயிற்றுவலி வந்துவிடும். இன்னொன்று, நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. விழா, பாட்டு, நாடகம் என்று வரும்போது இவளை ஓரமாக உட்கார வைத்துவிடுவார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சள்ரிப்பன்:

அக்கா, நான் ஆறு முதல் பன்னிரண்டு வரை அந்த மாதிரி பள்ளியில்தான் படித்தேன், எங்கள் வீட்டில் சுடலைமாடன் கோயில் கொடை எடுக்கிறவர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

காலை அசெம்பிளியில் தமிழ்த்தாய் வாழ்த்து, ஜெபம், ஒரு பைபிள் வாசகம், ஒரு திருக்குறள், செய்தி. இதுதான் தினமும். கிறிஸ்தவப் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்குப் போவார்கள், நாங்கள் நன்னெறி வகுப்பில் உட்காருவோம், பாதி நாள் அங்கே கதைதான் நடக்கும். மாதத்தின் முதல் வெள்ளி அவர்களுக்குப் பூசை, எங்களுக்கு ஸ்டடி. அவ்வளவுதான் பிரிவு. கிறிஸ்துமஸ் நாடகத்தில் மூன்று வருடம் நான் ஆடு, வெள்ளைப் பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு தரையில் தவழ வேண்டும். நாலாவது வருடம் சம்மனசாக, அதாவது தேவதூதராக, பதவி உயர்வு கிடைத்தது. மரியாளாக நடித்தவள் மேலப்பாளையத்துப் பிள்ளை, பாத்திமாவின் தங்கச்சி என்று எல்லோரும் கூப்பிடுவோம். முக்காடு நழுவாமல் பத்து நிமிடம் நிற்க அவளால் மட்டும்தான் முடியும் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார்.

சாம்பல் புதன் ஒன்று நினைவில் நிற்கிறது. அன்றைக்குக் கிறிஸ்தவப் பிள்ளைகள் எல்லாம் பூசை முடித்து நெற்றியில் சாம்பலோடு வகுப்புக்கு வந்தார்கள். நான் வழக்கம்போல அம்மா பூசிவிட்ட திருநீற்றோடு உட்கார்ந்திருந்தேன். சயின்ஸ் மிஸ் உள்ளே வந்தவர் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம், "என்னட்டி, நீ முதல் பூசைக்கே போயிட்டு வந்துட்டியா" என்றார். வகுப்பே சிரித்தது, நானும்தான்.

படிப்புக்கு வருகிறேன். நான் நடுவாந்தரம்கூட இல்லை, கொஞ்சம் கீழே. பத்தாம் வகுப்பில் ஐந்து ஐந்து பேராகப் பிரித்து ஒரு லீடர் போடுவார்கள், சாயங்காலம் பள்ளி விட்டதும் லூர்து மாதா கெபிக்கு (மாதா சிலை வைத்த குகை மாதிரி இடம்) முன்னால் உட்கார்ந்துதான் ஸ்டடி. கணக்கு சிஸ்டர் அங்கே மணலில் குச்சியால் வட்டம் போட்டு, வெளியே ஒரு புள்ளி வைத்து, தொடுகோடு வரையச் சொல்வார். தப்பாகப் போட்டால் காலால் அழித்துவிட்டு மறுபடி. நோட்டில் தப்புப் போட்டால் எனக்குக் கை நடுங்கும், மணலில் நடுங்கவில்லை. 61 மார்க் வாங்கினேன், எங்கள் வீட்டில் அது திருவிழா. ஃப்ளெக்ஸில் என் போட்டோ வரவில்லை, வந்தவளுக்கு சயின்ஸ் ரெக்கார்டில் படம் எல்லாம் நான்தான் வரைந்து கொடுத்தேன் என்பது வேறு கதை.

கசப்பு:

எல்லாரும் மணல், கெபி என்று உருகுகிறீர்கள், என் கதையையும் கேளுங்கள். வேற மாவட்டம், பேர் வேண்டாம். இதே மாதிரி மிஷன் பள்ளி, வாசலில் இதே 100 சதவீத ஃப்ளெக்ஸ். என் பையன் ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சையில் இரண்டு பாடத்தில் போய்விட்டான். கூப்பிட்டு உட்கார வைத்து, காபி எல்லாம் கொடுத்து, "இவனுக்கு இந்தச் சூழல் ஒத்துவரல, டி.சி. வாங்கிக்கிட்டு வேற பள்ளியில போடுங்க, இல்லேன்னா ஒன்பதையே திரும்பப் படிக்கட்டும்" என்றார்கள். எட்டாம் வகுப்பு வரை ஃபெயில் போட முடியாது, அதனால் ஒன்பதில்தான் சல்லடை வைப்பார்கள். அந்த வருடம் அவனோடு சேர்த்து ஏழெட்டுப் பேர் வெளியே போனோம், அடுத்த வருடம் அவர்கள் மறுபடி 100 சதவீதம். பையன் அரசுப் பள்ளியில் போய் 312 வாங்கிப் பாஸ் ஆகிவிட்டான். தங்க ஊசி என்பதற்காகக் கண்ணில் குத்திக்கொள்ள முடியுமா?

நீங்கள் விண்ணப்பம் கொடுக்கப் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். போன ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அதில் எத்தனை பேர் இங்கேயே பத்தாம் வகுப்பு எழுதினார்கள்? முகம் மாறுகிறதா பாருங்கள், அதிலேயே தெரிந்துவிடும்.

ஓய்வு வாத்தியார்:

மேலே கசப்பு சொன்னது பொய் இல்லை. 31 வருடம் உதவிபெறும் பள்ளிகளில் வேலை பார்த்தவன், ஏப்ரல் மாத ஸ்டாஃப் மீட்டிங்கில் அந்தப் பேச்சு வரும். வேண்டாம் என்று சொல்கிற தலைமையாசிரியரும் இருந்தார், மண்டையை ஆட்டியவரும் இருந்தார். பள்ளியை நடத்தும் துறவற சபையைப் பொறுத்தது இல்லை, நாற்காலியில் இருக்கும் ஆளைப் பொறுத்தது. அந்த நாற்காலியும் மாறிக்கொண்டே இருக்கும், சிஸ்டர்களை எப்போது எந்த ஊருக்கு மாற்றுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அம்மா, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், அதுதான் உங்களுக்கு முக்கியம். ஒரே காம்பவுண்டுக்குள் பெரும்பாலும் இரண்டு பள்ளி இருக்கிற மாதிரி. உதவிபெறும் பிரிவு, அதில் ஆசிரியருக்கு அரசு சம்பளம், பெரும்பாலும் தமிழ்வழி. இன்னொன்று சுயநிதிப் பிரிவு, ஆங்கிலவழி, கட்டணம் உண்டு, ஆசிரியருக்கு நிர்வாகம் கொடுப்பதுதான் சம்பளம், அது எவ்வளவு என்று கேட்டால் வருத்தப்படுவீர்கள். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று பார்த்தீர்களா?

உதவிபெறும் தமிழ்வழியில் போட்டால் பாடப்புத்தகம் இலவசம், பதினொன்றில் சைக்கிள். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுதலாம், அது அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். வீட்டு வருமானம் வருடம் 3.5 லட்சத்துக்குள் இருந்து, பிள்ளை தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய் வரும். புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி போகும்போது மாதம் 1,000 ரூபாய், முதலில் அரசுப் பள்ளிக்கு மட்டும் இருந்தது, 2024 கடைசியில் உதவிபெறும் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆறாம் வகுப்பில் ஆங்கிலவழியில் போட்டுவிட்டு எட்டில் மாற்றினால் அது கிடையாது. இப்போதே யோசிக்க வேண்டும்.

கிடைக்காததையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்ததே, அது அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும். உதவிபெறும் பள்ளியில் அதே ஏழைப் பிள்ளைதான் உட்கார்ந்திருக்கிறது, அதற்குக் கிடையாது. காலை உணவுத் திட்டத்தை 2024 ஜூலையில் கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு விரித்தபோது முதலமைச்சர் தொடங்கி வைத்த இடமே கீழச்சேரியில் ஒரு புனித அன்னாள் தொடக்கப் பள்ளிதான். சாப்பாட்டுக்கு ஒன்றாகப் பார்க்கிறார்கள், சீட்டுக்கு வேறாகப் பார்க்கிறார்கள். இந்த வருத்தம் எனக்குப் போகாது.

மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: அரசுப் பணம் வாங்குகிற பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத வகுப்பில் உட்கார வைக்க முடியாது, அரசியலமைப்பிலேயே 28ஆம் பிரிவில் இருக்கிறது. கணக்குக்குப் பயப்பட வேண்டாம். பத்தாம் வகுப்பில் பாஸ் மார்க் 35, அதில் செய்முறை வடிவியலும் வரைபடமும் மட்டுமே 16. அந்த மணல் சிஸ்டர் விவரம் தெரியாமல் குச்சியை எடுக்கவில்லை.

சவேரியார்கோயில் தெரு:

நாங்கள் ஆர்.சி. எங்களுக்கு உள்ளே ராஜமரியாதை என்று நினைத்துக்கொள்கிறீர்கள், பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போயும் என் அண்ணன் மகளுக்கு இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அந்தச் சண்டை இன்னும் ஓடுகிறது. மதமாற்றம் என்று வேறு பயப்படுகிறீர்கள். மறைக்கல்வி, நாடகம், ஜெபமாலை என்று பன்னிரண்டு வருடம் இதே பள்ளியில் படிக்கிற என் சொந்த மகளை ஞாயிறு பூசைக்கு எழுப்புவதே எனக்குப் பெரும்பாடு.

எனக்கு இருக்கிற குறை வேறு. ஆண்டு விழா வந்தால் மூன்று வாரம் ரிகர்சல், பிஷப் வருகிறார் என்றால் வரவேற்பு நடனம், சபை நிறுவனர் நாள், மதர் வருகை என்று பிள்ளைகள் வெயிலில் வரிசையில் நிற்கும். பூப்பந்து விளையாடுகிற பிள்ளைகள் குறுவட்டப் போட்டிக்குப் பிராக்டிஸ் பண்ண மைதானம் இல்லாமல் போகும், மேடை அங்கேதானே கட்டியிருக்கும். கேட்டால் "எல்லாம் பிள்ளைகளோட திறமை வளரத்தான்" என்பார்கள்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். தவக்காலத்தில் பிள்ளைகள் தினம் ஒரு பிடி அரிசி கொண்டுபோய் வகுப்பு டப்பாவில் போடுவார்கள், யாருக்குப் போகிறது என்று சொல்ல மாட்டார்கள். போன வருடம் என் மகளின் வகுப்பில் ஒரு பிள்ளையின் அப்பா கட்டட வேலையில் விழுந்து படுத்துவிட்டார். மூட்டை ராத்திரியில் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறது, வகுப்பில் ஒருத்திக்கும் தெரியாது. என் மகளுக்கு ஒரு வருடம் கழித்து அந்தப் பிள்ளையே சொல்லித்தான் தெரிந்தது.

கசப்பு:

அரிசி நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. என் பையனுக்கும் யாராவது மணலில் கோடு போட்டுக் காட்டியிருக்கலாம்.

பேட்டைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் போய்விட்டு வந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கசப்பு அண்ணாச்சி சொன்ன கேள்வியைக் கேட்டேன், கேட்கும்போது எனக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. ஹெச்.எம். சிஸ்டர் முகம் மாறத்தான் செய்தது. உடனே கோபப்படவில்லை, "யார் சொல்லிக் கொடுத்தா" என்று கேட்டார். அப்புறம் கிளார்க்கைக் கூப்பிட்டுப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். ஒன்பதில் 118 பேர், பத்தில் 114. நாலு பேர் எங்கே என்று நான் கேட்பதற்குள் அவரே விரலை வைத்துச் சொன்னார்: இரண்டு பேருக்கு அப்பா அம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், ஒருத்தி வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கு மாறிவிட்டாள். நாலாவதாக ஒரு பிள்ளைக்குக் கல்யாணம் பேசி வீட்டில் நிறுத்திவிட்டார்கள், சிஸ்டர் இரண்டு தடவை வீட்டுக்குப் போயும் விடவில்லை, சைல்டு லைன் 1098க்குச் சொல்லிக் கல்யாணம் நின்றது, பிள்ளை மட்டும் பள்ளிக்குத் திரும்பவில்லை. அதைச் சொல்லும்போது அவர் பதிவேட்டை மூடிவிட்டார்.

நான் வாங்கி வைத்திருந்தது சுயநிதி விண்ணப்பம்தான். வாத்தியார் ஐயா சொல்லாவிட்டால் பார்த்தே இருக்க மாட்டேன். மாற்றித் தமிழ்வழி விண்ணப்பம் வாங்கிவிட்டேன். வீட்டில் இன்னும் சண்டை தீரவில்லை, வீட்டுக்காரர் இங்கிலீஷ் மீடியம் இல்லையென்றால் பேச்சே இல்லை என்கிறார், மாமியார் இப்போது என் பக்கம், அந்த 28ஆம் பிரிவைவிட மாதம் 1,000 ரூபாய்தான் அவரிடம் எடுபட்டது. மகள் கெபியைப் பார்த்துவிட்டு அங்கே மணல் இல்லையே, டைல்ஸ் போட்டிருக்கிறார்களே என்று கேட்கிறாள், நான்தான் உளறிவைத்திருந்தேன்.

ஒரு உதவி. பேட்டையிலிருந்து அந்தப் பக்கம் ஸ்கூல் வேன் யாராவது ஓட்டுகிறார்களா? இரண்டு பஸ் மாறிப் போக வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்கே கிளப்ப வேண்டியிருக்கும்.

மஞ்சள்ரிப்பன்:

டைல்ஸா! எப்போது போட்டார்கள்? வேனுக்கு என் சித்தியிடம் கேட்டுச் சொல்கிறேன் அக்கா, அவர்கள் தெருவிலிருந்து ஒரு மஞ்சள் வேன் போகும், அது இந்தப் பள்ளிக்கா பக்கத்துப் பள்ளிக்கா என்று மட்டும் விசாரிக்க வேண்டும்.