நாவல் படித்து ஆங்கிலச் சொல்வளம் வளர்ப்பது: ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்க்கணுமா?

வைகைக்கரை:
பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். ஆங்கிலச் செய்தித்தாள் தடையில்லாமல் படிக்கிறேன், ஆபீஸ் மெயில் ஒப்பேற்றிவிடுகிறேன். அதற்கு மேல் ஏறவில்லை. இலக்கிய நாவல் படித்தால் சொல்வளம் தானாக வரும் என்றார்கள். டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ எடுத்தேன். பக்கத்துக்கு இருபது சொல் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் அர்த்தம் எழுதி நோட்டு நிறைந்ததுதான் மிச்சம். கதையும் நகரவில்லை, எழுதிய சொல்லும் நினைவில் நிற்கவில்லை. பேசாமல் சொற்பட்டியலை மனப்பாடம் செய்யப் போய்விடலாமா?

மொட்டைமாடி:
பட்டியல்தான் பெஸ்ட் ப்ரோ. வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதுகிற ஜிஆர்இ பரீட்சைக்கு அப்படித்தான் படித்தேன், மார்க் வந்தது. பரீட்சை முடிந்ததும் பாதி மறந்துபோனது, அது வேற விஷயம்.

அகராதி அக்கா:
தம்பி, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு, அந்த உரிமையில் சொல்கிறேன். டிக்கன்ஸை இப்போதைக்கு மூடி வையுங்கள். அது 1860–61-ல் வாரத் தொடராக வந்த கதை. அன்றைய வாசகர்கள் வீட்டில் புழங்கிய சாமான், போட்ட உடுப்பு, ஏறிய வண்டி எல்லாமே நமக்கு அந்நியம்.

பால் நேஷன் என்ற நியூசிலாந்து மொழியியலாளர் இதைக் கணக்குப் போட்டிருக்கிறார். யார் துணையுமில்லாமல் நாவல் படிக்க, அதில் வரும் சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தது ஒரு குடும்பம்) கைவசம் இருக்க வேண்டும். அதாவது 300 சொல் உள்ள பக்கத்தில் தெரியாதவை ஆறு இருக்கலாம். இருபது என்றால் அது வாசிப்பில்லை, கீழடி அகழாய்வு. கடையில் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து எண்ணிப் பாருங்கள். பத்தைத் தாண்டினால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

ஆர்.கே.நாராயண் உங்களுக்கு ஓடிவிடும், சூடுபிடிக்க ஒன்று படிக்கலாம். அப்புறம் நான் கைகாட்டுவது கசுவோ இஷிகுரோவின் ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே’ (1989). கதை சொல்பவர் ஓர் ஆங்கிலேய மாளிகையின் பட்லர். புது அமெரிக்க முதலாளி கிண்டலாகப் பேசுவார். எப்படிப் பதில் சொல்வதென்று தெரியாமல் இவர் தவிப்பார். ‘பேன்டரிங்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கடைசிவரை மாய்ந்துபோவார். முதலில் ஏதோ ஒருவகைப் பேச்சு என்று மட்டும் பிடிபடும். யாரோடு பேசலாம், எவ்வளவு உரிமை எடுக்கலாம், எங்கே அசடு வழியும் என்பதெல்லாம் போகப்போகத் தெரிந்துவிடும். பட்டியலில் இது கிடைக்காது. ஒரே எழுத்தாளரை இரண்டு மூன்று புத்தகம் தொடர்ந்து படிக்கச் சொல்வதும் இதற்குத்தான். அவரவர்க்குப் பிடித்த சொற்கள் உண்டு, சுற்றிச்சுற்றி வரும்.

அகராதியை ஒரு சொல் இரண்டாம் முறை எதிர்ப்படும்போது எடுங்கள். செடி, துணி, வண்டிப் பெயர்களைத் தாண்டிப் போனால் குடிமுழுகாது. வினைச்சொல்லையும் மனிதர் குணத்தைச் சொல்லும் சொல்லையும் விடாதீர்கள். நோட்டில் அது வந்த வாக்கியத்தை முழுசாக எழுதுங்கள்.

பழைய நாவலில் இன்னொரு வில்லங்கம். 1813-ல் வந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் காலின்ஸ் என்ற பாதிரியார், தன்னை ஆதரிக்கும் சீமாட்டியின் ‘கான்டிசென்ஷன்’ பற்றிப் புகழ்ந்து தள்ளுவார். பெரிய இடத்து மனுஷி இறங்கிவந்து பழகுகிறாராம். இன்றைக்கு உங்கள் மேனேஜரை அந்தச் சொல்லால் பாராட்டி மெயில் போட்டுப் பாருங்கள்! நம்மை இளக்காரமாக நடத்துகிறார் என்று புகார் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

செவிவழி:
அக்கா சொன்னதோடு ஒன்று. கண்ணால் மட்டும் கற்ற சொல், வாயைத் திறந்ததும் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தைப் பார்த்து ‘ஹைப்பர்போல்’ என்றுதான் படிப்போம், அது ‘ஹைப்பர்பலி’. பதிப்புரிமை முடிந்த நாவல்கள் லிப்ரிவாக்ஸ் என்ற இணையதளத்தில் ஒலிநூலாக இலவசம். வாசிப்பவர்கள் தன்னார்வலர்கள், தரம் ஆளுக்கு ஆள் மாறும்.

வைகைக்கரை:
கீழடிக்குச் சிரித்துவிட்டேன் அக்கா. கிண்டிலில் படித்தால் தொட்டவுடன் அர்த்தம் வருகிறதே, அது சோம்பேறியாக்கிவிடுமா?

அகராதி அக்கா:
கண்டதையெல்லாம் தொட்டால் ஆக்கும். ஆனால் நீங்கள் தேடிய சொல்லை அது வந்த வாக்கியத்தோடு கிண்டில் கருவியே சேர்த்து வைக்கிறது, ‘வொக்காபுலரி பில்டர்’ என்று இருக்கும். அத்தியாயம் முடிந்ததும் அதைத் திறந்து, மனதில் தங்கிய வாக்கியங்களை மட்டும் கையால் நோட்டில் எழுதுங்கள். மற்றதை அழித்துவிடலாம், வேண்டிய சொல் திரும்ப வரும்.